சாப்பிட்ட பிறகு சொல்லலாம்

இந்த நாட்டில் டெலிபோன் அடித்தால், எடுக்கிறவர்கள் முதலில் தங்கள் நம்பரைச் சொல்லுவார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய புதினம். கூப்பிட்டவருக்கு நம்பர் தெரியும்தானே, தெரிந்தபடியால்தானே கூப்பிட்டவர், பிறகென்னத்துக்கு அவருக்கே அதைத் திருப்பி ஒப்புவிக்கிறது? ஆனாலும் என் மகள் வசந்தி என்னைப் பழக்கிவிட்டாள். லண்டனில், வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டு டெலிபோன், வாசற்கதவுக்கு உள்ளே, மாடிப்படி தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன மேசையில் இருந்தது. அதற்கு மேலே சுவரில், இங்கிலிசு நம்பரைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். முகம் தெரியாத ஆட்களோடு கதைக்கக் கூச்சம். மணி அடித்தால் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய், சுவரைப் பார்த்து வாசித்து முடிக்க எனக்கு மூச்சு வாங்கும்.

அந்த டெலிபோனால் ஒரு பிள்ளைக்கு நான் பெரிய பிழை ஒன்று செய்தேன். தாயின் உயிர் போகுமுன் அவள் போய்ச் சேரக்கூடியதாக இருந்தது. போகவிடாமல் செய்தவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. இத்தனை வருசமும் அதை மகளோடு மட்டும் கதைத்திருக்கிறேன். இப்போது ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல் வேறு நாட்டு டெலிபோனுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் எழுதுகிறேன்.

பிள்ளையின் பெயர் இனேஸ். போர்த்துக்கல் நாட்டுப் பிள்ளை, இருபது வயது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, மழை தொடங்குகிற காலத்தில் வந்தவள். ஐரோப்பாவில் இளம்பிள்ளைகள் ஒரு வருசம் வேறு நாட்டில் போய்ச் சம்பளம் இல்லாமல் தொண்டுவேலை செய்கிற திட்டம் ஒன்று அப்போது இருந்தது. செவ்வாயும் வியாழனும் நான் போகிற முதியோர் நிலையத்துக்குத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். அது தேவாலயத்தோடு சேர்ந்த ஒரு மண்டபம். மத்தியானம் சூப்பும் சாப்பாடும் தருவார்கள், பிறகு பிங்கோ விளையாட்டு. அவளுக்குத் தங்க ஒரு அறை வேண்டும் என்று நிலையத்தில் கேட்க, வசந்தி எங்கள் மேல்மாடிச் சின்ன அறையைக் கொடுத்தாள்.

முதல் நாள் பின்னேரம் பெட்டியோடு வந்து குசினி வாசலில் நனைந்தபடி நின்றாள். இருக்கச் சொல்ல எனக்கு இங்கிலிசு வரவில்லை. கையைக் காட்டி, "கதிரை, கதிரை" என்றேன். அவள் கண்ணை விரித்துப் பார்த்தாள். "கதேய்ரா!" என்றாள். பிறகு மேசையைத் தட்டி, "மேசா" என்றாள். நான் பாண் ரொட்டியைத் தூக்கிக் காட்டினேன், "பாவ்ங்" என்றாள். தன் சப்பாத்தைக் கழற்றித் தூக்கி, "சப்பாத்து" என்று காட்டினாள். குசினிக்கு அவர்களும் ஏறக்குறைய குசினி என்றுதான் சொல்லுகிறார்கள். வேலையால் வந்த வசந்தி, நாங்கள் இரண்டு பேரும் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது! பத்து வருசமா இங்கிலிசு வரேல்லை, ஒரு பின்னேரத்தில போர்த்துக்கீசு வந்திட்டுது!"

அந்தக் காலத்துப் பறங்கியர் எங்கள் ஊருக்கு வந்து விட்டுப்போன சொற்கள் என்று அவள்தான் விளங்கப்படுத்தினாள். எங்களை ஆண்டவர்களின் பேத்தி எங்கள் குசினியில் வந்து குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்தேன். என் கம்பளிச் சட்டையை எடுத்துப் போர்த்துவிட்டேன். தலையில் வழிந்த மழைத்தண்ணியைத் துடைக்க என் கைக்குட்டையை, லேஞ்சியை, நீட்டினேன். "லென்சு" என்றாள். அதற்கும் சிரித்தோம். அடுத்த கிழமையே, வசந்தி கூப்பிடுகிறதைப் பார்த்து அவளும் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள்.

நாங்கள் வந்த விதமும் அவள் வந்த விதமும் வேறு. வசந்தி தாலிக்கொடியை விற்று ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்து, மூன்று நாடு சுற்றி வந்தவள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். இனேசைக் கேட்டேன், வசந்திதான் இடையில் நின்று சொன்னாள். "சண்டையும் இல்லை, ஒருத்தரும் துரத்தவும் இல்லை. ஏன் பிள்ளை, தாயை விட்டிட்டு வந்தனி?"

இனேஸ் நேரே என்னைப் பார்த்துச் சொன்னாள். "வேறை ஒரு இடத்தில என்னால இருக்க ஏலுமோ எண்டு பாக்க வந்தவவாம்" என்றாள் வசந்தி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களிடம் ஒருத்தரும் அப்படிக் கேட்கவில்லையே, ஏலுமோ ஏலாதோ என்று.

இருக்க ஏலாமல்தான் முதலில் கிடந்தாள். முகம் கழுவுகிற தொட்டியில் இரண்டு குழாய் இருந்தது. ஒன்றில் கை வேகும், மற்றதில் கை விறைக்கும். இரண்டையும் ஏன் ஒன்றாக வைக்கவில்லை என்று என்னைக் கேட்பாள். நான் வந்த நாளிலிருந்து எனக்கும் அதே கேள்விதான். பின்னேரம் நாலு மணிக்கு இருட்டிப்போனால் சன்னலடியில் போய் நிற்பாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்து அழுகிற வித்தையை நானும் அதே குளியலறையில்தான் பழகினேன். அதனால் கதவைத் தட்டமாட்டேன். தாய் அனுப்புகிற பார்சல் வந்தால் அன்றைக்கு மட்டும் முகம் மலரும். கம்பளிக் காலுறை, கொய்யாப்பழ ஜெலி மாதிரி ஒரு கட்டி இனிப்பு. எனக்கும் வெட்டித் தருவாள். தாய் பாண் சுடுகிற வெதுப்பகத்தில் வேலை செய்கிறவ. தகப்பன் இல்லை. ஒரு தமையன் மட்டும்.

நிலையத்தில் டொரீன் என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவி. இனேசின் கையைப் பிடித்து, "நீ கட்டாயம் ஒருநாள் என் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வரவேண்டும்" என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லுவா. இனேஸ் அதை நம்பி மூன்று ஞாயிற்றுக்கிழமை வேறு இடம் ஒன்றும் போகாமல், குளிர்க்கோட்டைக் கதிரையில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, அது சும்மா மரியாதைக்குச் சொல்லுறது!"

இனேசுக்குக் கோபம் வந்துவிட்டது. "கூப்பிட விருப்பம் இல்லாட்டி வா எண்டு ஏன் சொல்லுவான்? எங்கட ஊரில வா எண்டால் வா. இல்லை எண்டால் இல்லை" என்றாளாம்.

நானும் தலையாட்டி, இந்த வெள்ளைக்காரரே இப்படித்தான் என்று சேர்ந்து சிரித்தேன். எங்கள் ஆட்கள் ஒன்றைச் சொல்லி வேறொன்றை விளங்கப்பண்ணுகிற விதம் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

மாசி மாதம். ஒரு புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வீட்டில் நான் மட்டும். டெலிபோன் அடித்தது. சுவரைப் பார்த்து நம்பரை வாசித்தேன். ஒரு ஆண்குரல். என்னுடையது மாதிரியே உடைந்த இங்கிலிசு. அதனாலேயே எல்லாம் விளங்கியது. "இனேஸ்?"

"நோ. வேர்க்" என்றேன்.

தான் தமையன் என்றான். அம்மா ஆஸ்பத்திரியில் என்றான். வெரி பாட், வெரி பாட் என்று இரண்டு தரம் சொன்னான். இனேஸ் இன்றைக்கே வரவேண்டும், தயவுசெய்து சொல்லுங்கள் என்றான். "யெஸ். ஐ டெல்" என்றேன். வைத்துவிட்டான்.

நான் மாடிப்படியில் இருந்துவிட்டேன். ஒரு சொல்கூட நான் பிழையாகக் கேட்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் செய்தி எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். செத்துப்போனார் என்று ஒருத்தரும் நேரே சொல்லுகிறதில்லை. கடுமையாம், உடனே வரட்டாம் என்று ஆள் வந்தால், எல்லாம் முடிந்துபோய்க் கிடக்கிறது என்று கருத்து. வழியில் கேட்டாலும் கடுமை என்றுதான் சொல்லுவார்கள். ஒழுங்கை முடக்கில் திரும்பி, வாசலில் சனத்தைக் கண்டபிறகுதான் வாய்விட்டு அழலாம். அதுக்கு முதல் எப்படியாவது வயிற்றுக்கு ஏதும் கொடுத்துவிடுவார்கள். செய்தி காதில் விழுந்த வீட்டில் பிறகு அடுப்பு மூட்ட மாட்டோம். பிரேதம் எடுக்கும்வரை தண்ணீர்கூட இறங்காது. ஆகவே முதலில் சாப்பாடு, பிறகு செய்தி.

எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். வசந்தியின் அப்பா ஊரை விட்டு வரமாட்டேன் என்று நின்றவர். தொண்ணூற்றோராம் ஆண்டு ஒரு நாள் வசந்தி வேலையால் வழமையைவிட நேரத்துக்கு வந்தாள். "அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம் அம்மா. கொழும்பால கோல் வந்தது. நீங்கள் முதல் சாப்பிடுங்கோ" என்று சாப்பாட்டுக் கோப்பையை வைத்தாள். நான் சாப்பிட இருந்தேன். மருமகன் பெற்றோல் ஷெட்டில் ஷிப்டை விட்டுவிட்டு வந்தார். பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து முன்னறையில் இருந்தார்கள். குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாசலில் பதினாலு சப்பாத்துக் கிடந்தது. சுகமில்லாத ஆளுக்கு ஏழு பேர் வரமாட்டார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மிச்சச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன். அந்தப் பிள்ளைகள் எனக்காகப் பொய் சொல்லிப் படுகிற பாட்டைப் பார்த்து, அந்தச் சோற்றை மிச்சம் விட எனக்கு மனம் வரவில்லை. பிறகு வந்த இரண்டு நாளும் நான் எழும்பி நின்றது அந்தச் சோற்றில்தான்.

அந்த அன்பைத்தான் நான் இனேசுக்குச் செய்யப் பார்த்தேன். தாய் செத்துவிட்டா, இனி ஓடிப்போய் என்ன, பிள்ளை வந்து ஆறுதலாக வயிறாறச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு வசந்தி வருவாள், அவள் பக்கத்தில் இருந்து பக்குவமாகச் சொல்லுவாள். நிலையத்துக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அடுப்படிக்குப் போனேன். சோறு போட்டேன். அவளுக்குப் பிடிக்கும் என்று உறைப்பில்லாத பருப்பும், உருளைக்கிழங்கு வெள்ளைக் கறியும், சொதியும் வைத்தேன். கண்ணீர் விழுந்தபோது வெங்காயத்தைக் கிட்டக் கொண்டுவந்தேன். பார்க்க ஆள் இல்லாத வீட்டில்.

நாலரைக்கு வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. "அம்மா, பசி!" என்றாள். அந்த ஒரு சொல்லைத் தமிழில் வடிவாகச் சொல்லுவாள். வழமையாக ஏழு மணிக்கு எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறது. அன்றைக்கு வந்தவுடனே நான் கோப்பையை வைத்ததைப் பார்த்து, "பார்ட்டி?" என்று சிரித்தாள். சாப்பிட்டுக்கொண்டே டொரீனின் கதை சொன்னாள். டொரீன் கடைசியில் நாள் குறித்துக் கூப்பிட்டுவிட்டாவாம், வருகிற ஞாயிறு நாலு மணிக்கு. கையை உயர்த்தி நாலு விரலைக் காட்டினாள். தான் வென்றுவிட்ட மாதிரி. நான் இரண்டாந்தரம் சோறு போட்டேன். அதையும் சாப்பிட்டாள்.

பிறகு டெலிபோன் பக்கம் தலையை ஆட்டி, "போன்? ஃபோர் மீ?" என்று கேட்டாள். தாய்க்கு இருமல் என்று போன கிழமை சொல்லியிருந்தவள்.

"நோ" என்றேன்.

அவளுடைய தட்டைக் கழுவுகிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் மேலே போய்விட்டாள்.

வசந்தி வந்து கோட்டைக் கழற்றுமுன் அவளைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். "இனேசின்ர தாய் மோசம் போனாவாம். நான் இன்னும் சொல்லேல்லை. பிள்ளை சாப்பிட்டிட்டுது."

"ஐயோ. ஆர் சொன்னது?"

"தமையன் ரெண்டு மணிக்கு எடுத்தவன்."

"செத்துப்போனா எண்டே சொன்னவர்?"

"ஆஸ்பத்திரியில வெரி பாட் எண்டவன். இண்டைக்கே வரட்டாம் எண்டவன். வேறை என்னெண்டு சொல்லுறது?"

வசந்தி என்னை விலக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். "அம்மா, அவையள் கடுமை எண்டால் கடுமைதான் அம்மா! செத்தால் செத்தது எண்டு சொல்லுவினம்! அந்த மனிசி உயிரோட இருக்கிறா!" என்று கத்திக்கொண்டே மாடிக்கு ஓடினாள்.

இனேஸ் மேலே இருந்து தாய்க்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாளாம். காலுறையோடு படிகளில் இறங்கி வந்து டெலிபோனைப் பிடித்தாள். நான் குசினி வாசலில் நின்றேன். அவளுடைய பாசை எனக்கு விளங்காது. ஆனாலும் மாய்ங், மாய்ங் என்று அவள் சொன்னது அம்மா என்கிற சொல் என்று தெரியும். வீட்டில் சித்தி மட்டும் இருந்தாவாம். தமையன் தாயோடு ஆஸ்பத்திரியில். பிறகு வசந்தி விமானக் கம்பனிக்கு எடுத்தாள். அன்றைய கடைசி விமானம் ஏழரைக்கு. அப்போது ஏழேகால். நாலரைக்குச் சொல்லியிருந்தால் பாதாள ரயிலில் போயே பிடித்திருப்பாள். நான் அவளுக்கு இரண்டாந்தரம் சோறு போட்ட நேரத்தில் விமானம் லண்டனில்தான் நின்றது.

விடிய மருமகன் காரில் கொண்டுபோய் விட்டார். அவள் விமானத்தில் இருக்கிற நேரத்தில் தாய் முடிந்துவிட்டா. இறங்கின இடத்தில் தமையன் கறுப்புச் சட்டையோடு நின்றானாம். இந்தமுறை ஒருத்தரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து வந்தாள். வருசத்தை முடிக்க அல்ல, பெட்டியை எடுக்க. உள்ளே வரும்போது என்னைப் பார்த்து, "ஹலோ, மிசிஸ் நல்லையா" என்றாள். அந்தப் பெயரை அவள் நிலையத்துக் கொப்பியில்தான் பார்த்திருப்பாள். குசினியில் அதே கதிரையில் இருந்தாள். தேத்தண்ணி வைத்தேன், தொடவில்லை. வசந்தி நடுவில்.

நான் சொன்னேன், எங்கள் ஊர்ப் பழக்கத்தை, சோற்றை, அடுப்பை, வாசலில் கிடந்த சப்பாத்தை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நீளமாக ஒருவருக்கும் கதைத்ததில்லை. அவள் மேசையைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு மெல்லிய குரலில் கொஞ்ச நேரம் கதைத்தாள். வசந்தியின் முகம் மாறியது.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்டுமில்லை அம்மா. களைச்சுப் போனாவாம். உங்களில கோவமில்லையாம்."

என் பிள்ளை செய்திக்கு முதல் எனக்குக் கோப்பையில் சோறு போடுகிறாள் என்று விளங்கியது. "வசந்தி, அவள் சொன்னதைச் சொல்லு. அப்பிடியே சொல்லு."

வசந்தி அழத் தொடங்கினாள். அழுதபடி சொன்னாள். "தாய் அண்டிரவு முழுக்க, இனேஸ் வெளிக்கிட்டிட்டாளோ, எங்க வாறாள் எண்டு கேட்டபடி கிடந்தவவாம். நீங்கள் அன்பாத்தான் செய்தனீங்கள் எண்டு தனக்கு விளங்குதாம். ஆனால் அந்த நேரம் தான் சிரிச்சுச் சிரிச்சுச் சோறு திண்டதைத் தன்னால மறக்க ஏலாதாம். உங்கட முகத்தைப் பாக்க அந்தச் சோறு ஞாபகம் வருதாம். அதால இனி வரமாட்டாவாம்."

வா என்றால் வா, இல்லை என்றால் இல்லை என்கிற ஊர்.

அவள் மேலே போய், பாதியில் நின்ற கடிதத்தையும் உடுப்புகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாசலில் குனிந்து சப்பாத்துப் போடும்போது அவளுடைய கண்ணீர் அதன் மேலேயே விழுந்தது. நான் லேஞ்சியை நீட்டினேன். வாங்கினாள். முகத்தைத் துடைத்தாள். ஒரு கணம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு நாலாக மடித்து என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் போனாள். அவள் தாயிடம் போன கிழமை, அந்த ஞாயிற்றுக்கிழமை டொரீன் கேக் வாங்கி வைத்துக் காத்திருந்தாவாம். அடுத்த செவ்வாய் நிலையத்தில் என்னிடம்தான் அவளைக் கேட்டா. எனக்குச் சொல்ல இங்கிலிசு வரவில்லை.

இனி இப்படி நடக்கக்கூடாது என்று மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். இரண்டு வருசம் கழித்து, இங்கே எங்கள் தெருவிலேயே இருந்த பவளமக்காவுக்குக் கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கோல் வந்தது. அவவின் வீட்டில் அப்போது டெலிபோன் வெட்டுப்பட்டுக் கிடந்தது. அவவின் தம்பி வன்னியில் செல் குண்டு விழுந்து போய்விட்டான். நான் செருப்போடு ஓடிப்போனேன். கதவைத் திறந்தவுடனே, "பவளமக்கா, தம்பி செத்துப்போனான்" என்றேன். நேரே. ஒன்றும் மறைக்காமல். வெள்ளிக்கிழமை விரதம், மனிசி விடியத்திலிருந்து வெறுவயிறு. அந்த நிலைப்படியிலேயே விழுந்தா. நெற்றி வெடித்தது.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி வீட்டில் அவவின் மச்சாள், எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னா. "வெள்ளைக்காரி மாதிரி வந்து சொல்லிப்போட்டாவாம். ஒரு வாய் தண்ணி குடுத்திட்டுச் சொன்னால் என்ன? இந்த நாட்டுக் குளிர் நெஞ்சுக்குள்ளயும் போட்டுது." பவளமக்கா இன்றைக்கும் கோயிலில் என்னைக் கண்டால் தூணுக்கு அந்தப் பக்கத்தால் சுற்றிப் போகிறா.

இப்போது டெலிபோன் அடித்தால் நான் முதலில் அடுப்படிக்குப் போகிறேன். பானையைத் திறந்து சோறு கிடக்கிறதோ என்று பார்க்கிறேன். பிறகு, இல்லை, முதலில் செய்தி என்று நினைத்துத் திரும்புகிறேன். குசினிக்கும் வாசலுக்கும் நடுவில், அந்த ஒடுங்கின நடையில், மூடி கையிலிருக்க நின்றுவிடுகிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும். சில நாள் நான் போய் எடுக்குமுன் நின்றுவிடும். நின்றபிறகும் எடுத்துக் காதில் வைப்பேன். சுவரில் அந்தக் கடுதாசி மஞ்சள் பிடித்து இன்னும் இருக்கிறது. மறுபக்கத்தில் ஒருத்தரும் இல்லை என்று தெரிந்தும், அதைப் பார்த்து என் நம்பரை முழுக்கச் சொல்லி முடிப்பேன்.